சனிக்கிழமைக்கு ஓர் ஆள்

சுருளிப்பட்டி விலக்கில் ஜீப் வந்து நின்றபோது ராஜாத்தி முழுக்கைச் சட்டையின் கடைசிப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை ஹேமாவதியின் புருஷனுடையது. இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாள், தலைத்துண்டு, தூக்குவாளி, கழுத்தில் தொங்கிய எஸ்டேட் கார்டு எல்லாமே ஹேமாவதியிடம் வாங்கியவை. செருப்பு மட்டும்தான் சொந்தச் செருப்பு.

ஆள் கூட்டிப் போகும் பேச்சிமுத்து உள்ளே டார்ச் அடித்துத் தலைகளை எண்ணினான். வெளிச்சம் அவள் முகத்தில் நின்றது.

"மேல ஆபீஸ்ல பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஹேமாவதி."

"அத மறந்துராத ஆத்தா. ராஜாத்திய இங்கனயே எறக்கி விட்டுட்டு வா."

ஜீப்புக்குள் எல்லாரும் சிரித்தார்கள். ராஜாத்தியும் சிரித்தாள். நெருக்கியடித்து உட்கார்ந்ததும் ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது.

ஹேமாவதிக்கு அன்று தேனியில் பரீட்சை. தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ், கடைசித் தாள். இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். படிக்காமல் இல்லை, போக முடியாமல்தான். ஏலக்காய் எடுக்கும் பருவத்தில் ஒரு நாள் நின்றால் ஜீப்பில் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். மறுநாள் விலக்கில் நின்று கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள். டிகிரி கையில் வந்தால் மகளிர் குழுக் கூட்டமைப்பில் எழுத்தர் வேலைக்குக் கேட்டுப் பார்க்கலாம், இந்த ஜீப்பை விட்டு இறங்கலாம் என்பது அவள் கணக்கு.

படிப்பு மையத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டு, 'எல்லாம் ஆப்பில் இருக்கிறது' என்று கை கழுவிய பிறகு அவள்தான் ஒரு வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தாள். பேர் 'அரியர் அக்காமார்'. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், கடமலைக்குண்டில் தையல் மிஷின் மிதிக்கும் சோணையம்மாள், சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டும் ராஜாத்தி என்று ஒவ்வொருத்தியாகச் சேர்ந்தார்கள். கீறல் விழுந்த போன்களில் பாடத்தைப் படிக்க முடியவில்லை என்பதால், முடிந்தவள் வாய்விட்டு வாசித்துக் குரல்பதிவு போடுவாள். மிக்ஸி சத்தத்துக்கு நடுவே யாப்பிலக்கணம் வரும். கடைசியில் "யாருக்காச்சும் வெளங்குச்சா?" என்று கேள்வியும் வரும். யாருக்கும் விளங்கியிருக்காது. தனக்கு மட்டும் இல்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

மாற்றாள் யோசனை ராஜாத்தியுடையது. "பாடமா நம்மள ஃபெயிலாக்குது? லீவுல்ல ஃபெயிலாக்குது" என்று ஒருநாள் குரல்பதிவில் சொன்னாள். அதன்பிறகு பரீட்சை இருப்பவள் 'சனிக்கிழமைக்கு ஆள் வேணும்' என்று போட்டால், வேலைக்குப் போய்வர முடிந்த இன்னொருத்தி கை தூக்கும் படத்தைப் போடுவாள். பேச்சிமுத்துவுக்கும் இது தெரியும். கார்டும் தலையும் சரியாக இருந்தால் அவனுக்குப் போதும். தலைத்துண்டைக் கட்டிவிட்டால் கார்டிலுள்ள போட்டோவுக்கு எந்தப் பொம்பளையும் பொருந்துவாள்.

மலையில் ஒரு வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே ஜீப் திரும்பியபோது எல்லார் போன்களும் கீச்சிட்டன. தேனிக் கல்லூரி வாசலில் ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை ஹேமாவதி குழுவில் போட்டிருந்தாள். விடியும் முன்பே முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள் போலிருக்கிறது. ராஜாத்தி அதை அப்படியே தன் ஸ்டேட்டஸில் வைத்து, 'எங்க யக்கா பரீட்சைக்குப் போறாக' என்று எழுதினாள். அடுத்த வாரம் தன்னுடைய போட்டோ இப்படி வரும் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. முதல் வருஷப் பரீட்சை அவளுக்கு.

மதியம் பரீட்சை முடிந்து வெளியே வந்த ஹேமாவதி, போனைப் போட்டதும் 'நல்லா எழுதிட்டேன்' என்று குழுவுக்கு அனுப்பினாள். அதற்குள் பேச்சிமுத்து கூப்பிட்டான்.

"ஏத்தா ஹேமாவதி, நீ கம்பத்து ஆஸ்பத்திரியில படுத்திருக்க. வெரசா வா."

"என்ன அண்ணே சொல்றீக?"

"காத்துல மரக்கொப்பு முறிஞ்சு ராஜாத்தி மேல விழுந்துருச்சு. கார்டுல இருந்த பேரச் சொல்லிச் சேத்துருக்கு. நீ வந்து எதையும் மாத்திப் பேசிராத."

ஏலச்செடியின் தூரடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தவளின் வலது தோளில் கொப்பு விழுந்திருந்தது. எலும்பைக் கட்டிவிட்டார்கள். நரம்பில் அடி. விரல்கள் மடங்கவில்லை. ஆறு மாசமாவது கையை அசைக்காமல், சொன்ன நாளில் எல்லாம் வந்து காட்டிக்கொண்டிருந்தால் திரும்பினாலும் திரும்பும் என்றார் டாக்டர். ஆறு மாசம் குலை வெட்டாமல் ராஜாத்தியும் பிள்ளைகளும் எதைச் சாப்பிடுவது? எஸ்டேட்டின் விபத்துக் காப்பீடு வந்தால்தான் உண்டு.

மறுநாளே ஹேமாவதி மேலே எஸ்டேட் ஆபீஸுக்குப் போனாள். மலையாளி மேனேஜர் உட்காரச் சொன்னார்.

"சார், அடிபட்டது ராஜாத்தி. என் கார்டுல வந்தா. பேர மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க."

"ராஜாத்தின்னு எங்க எஸ்டேட்ல ஆளே இல்லையே சேச்சி."

"அப்ப ஹேமாவதிங்கிற பேர்லயே குடுத்துருங்க சார். வாங்கி அவகிட்ட சேத்துருவேன்."

மேனேஜர் கோபப்படவில்லை. போனை எடுத்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கல்லூரி வாசலில் ஹால் டிக்கெட்டோடு அவளே நின்றாள். மேலே ராஜாத்தியின் பெயரும் கீழே 'எங்க யக்கா' என்ற எழுத்தும் தெரிந்தன. ஜீப் ஏற எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பதற்காக, வேலைக்குப் போன நாளுக்கு முந்தின நாள் பேச்சிமுத்து நம்பரை ராஜாத்தி பதிந்து வைத்திருந்தாள். ஸ்டேட்டஸ் அவனுக்கும் போயிருந்தது. அவன் பிழைப்புக்கு அவன் அதைப் படம்பிடித்து ஆபீஸில் கொடுத்திருந்தான்.

"ஹேமாவதி அன்னைக்கு வேலைக்கே வரலையே" என்றார் மேனேஜர்.

"நான் பரீட்சை எழுதலன்னு எழுதித் தாரேன் சார். அந்தப் பேப்பர் போனாப் போகட்டும்."

"அப்ப உங்க பேர்ல யாரு எழுதினது? அது போலீஸ் கேஸாகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

திரும்பி வர ஜீப்பில் அவளுக்கு இடம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அழுதாள்.

குழுவில் அன்றைக்கு ஒவ்வொருத்தியும் ஒரு வழி சொன்னாள். போட்டோவை எல்லாரும் அழித்தார்கள். அழித்து என்ன? ஆஸ்பத்திரியில் பெயரை மாற்றக் கேட்டதற்கு, கூட்டிக்கொண்டு வந்த எஸ்டேட் கடிதம் கொடுத்தால் மாற்றலாம் என்றார்கள். எஸ்டேட் கொடுக்கவில்லை.

ராஜாத்தியின் பரீட்சை நெருங்கியது. கை முடியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுத இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம் என்று சோணையம்மாள் கண்டுபிடித்து வந்தாள். தானே வந்து எழுதுவதாகவும் சொன்னாள். டாக்டர் சர்ட்டிபிகேட் ஒன்று இருந்தால் போதும். ஹேமாவதி ஓடிப்போய் வாங்கி வந்தாள். வரும் வழியிலேயே பிரித்துப் பார்த்தவளுக்கு அதைக் கொடுக்கக் கை வரவில்லை. ராஜாத்தி இடது கையால் வாங்கிப் படித்தாள்.

"யக்கா, இது ஒனக்குல்ல குடுத்துருக்காக" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை குழுவில் யாரும் ஆள் கேட்கவில்லை.

மறுவாரம் ஹேமாவதி திராட்சைத் தோட்டத்துக்குப் போகத் தொடங்கினாள், ராஜாத்தியின் இடத்தில். பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று குலை வெட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை. கழுத்து வலித்தது. தோட்டக்காரர் இரண்டொரு நாள் அவளை ராஜாத்தி என்றே கூப்பிட்டார். அவளும் திருத்தவில்லை.

ரிசல்ட் வந்த அன்று இருவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஹேமாவதி தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள். விரல்களில் திராட்சைக் கறை.

"எடு யக்கா, பாப்போம்."

"வீட்டுல போயிப் பாக்கலாம்த்தா."

"அட எடுங்கிறேன்."

நம்பரைப் போட்டதும் தேர்ச்சி என்று வந்தது. ஹேமாவதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாத்தி இடது கையால் போனைப் பிடுங்கி, குழுவில் குரல்பதிவை அமுக்கினாள். "அடியேய், நம்ம யக்கா பாஸு! எல்லாரும் என்னடி பண்றீக?" குரலில் சந்தோஷம் உண்மையாகவே இருந்தது. அதைத்தான் ஹேமாவதியால் தாங்க முடியவில்லை.

"என்னதையும் போட்டுப் பாரு யக்கா."

"ஒன்னது எதுக்குத்தா? நீதான் போகவே இல்லயே."

"சும்மா போடு. எம் பேரு இருக்கும்ல."

நம்பர் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. சொன்னாள். பக்கம் மெல்லத் திறந்தது. மேலே 'ராஜாத்தி' என்றும், கீழே ஒவ்வொரு தாளுக்கும் நேராக 'வரவில்லை' என்றும் இருந்தது. ராஜாத்தி போனைக் கிட்டே வாங்கி, தன் பெயரைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஹேமாவதி! யாரும்மா ஹேமாவதி?"

ஹேமாவதி பாதி எழுந்துவிட்டாள். ராஜாத்தி இடது கையை அவள் தோளில் ஊன்றி எழுந்து நின்று, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கிய வலது கையோடு வாசலை நோக்கி நடந்தாள்.

"நாந்தான் சிஸ்டர்."