பெனடிக்ற் சொன்ன ஸ்துதி

கிட்ட வந்து இருங்கள், கண்மணிகளே. ஒரேயொரு சொல்லால் கீரி என்ற கரையூரில் ஒரு வீட்டுக் குசினி கொதித்துப்போன கதையைச் சொல்லப் போகிறேன்.

வெள்ளாங்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை துசாந்தினி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். ஒரே மனிதர் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் எப்படி மொழி மாற்றிப் பேசுகிறார் என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்கென்றே வாய்த்தவர் போலக் கிடைத்தார் கீரியில் மீன் வாங்கி விற்கும் பெனடிக்ற். கரையில் தமிழ், ஐஸ் லொறிக்காரரோடு சிங்களம், ஹோட்டல்காரரோடு போனில் அரைகுறை இங்கிலீசு. எல்லாவற்றையும் பதிவு செய்தாள், வீட்டுக்குள் பேசுவதையும் சேர்த்து. வீட்டார் கேட்டுப் பார்த்துச் சம்மதித்தால்தான் ஆய்வில் போடலாம். வீட்டுப் பேச்சு இல்லாவிட்டால் அந்த ஆய்வுக்கு உயிரே இல்லை.

பெனடிக்றின் மனைவி றஞ்சிதம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பதிவைக் கேட்டாள். தன் குரலைக் கேட்டுத் தானே சிரித்தாள். புருசன் லொறிக்காரரோடு பேசியது வந்ததும் முகம் கறுத்தது. எழும்பிக் குசினிக்குள் போனவள், வீட்டுப் பேச்சு ஒன்றையும் தரமாட்டேன் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டாள்.

துசாந்தினி பதிவை நிறுத்தினாள். என்ன பிழை விட்டோம் என்று விளங்காமல் பின்னாலேயே போனாள்.

"கடவுளுக்குச் சொல்லுற ஸ்துதியை இந்த மனுசன் லொறிக்காரனுக்கெல்லோ சொல்லுது, பிள்ளை. ஐஸ் இறக்கி முடியுமட்டும் சொல்லுது."

துசாந்தினி சைவப் பிள்ளை. செபத்தில் வரும் ஸ்துதி அவளுக்குத் தெரியாது. ஆனால் கம்பஸில் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்தவள். "அன்ரி, அது சிங்களம். நன்றி எண்டுதான் அர்த்தம்" என்றாள்.

அத்தோடு தீருமென்று நினைத்தாள். கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"அப்ப லொறிக்காரனுக்கு அவ்வளவு நன்றி. எனக்கு?"

வாசலில் வந்து நின்ற பெனடிக்ற், தமிழில் நன்றி என்பது மேடையில் மாலை வாங்கினவர் சொல்வது, பெண்சாதிக்குச் சொன்னால் பிறத்தியாளாக்கின மாதிரி என்று சமாளித்துப் பார்த்தார். றஞ்சிதம் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மொழியில் இலேசாக வரும் சொல் இன்னொரு மொழியில் தொண்டைக்குள் சிக்கும் என்று துசாந்தினி படித்திருக்கிறாள். இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை.

மனிதர் செருமினார். "ந..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. கடைசியில் நிலத்தைப் பார்த்தபடி, "ஸ்துதி, றஞ்சி" என்றார்.

றஞ்சிதம் புறங்கையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. "பார் பிள்ளை, என்னை மாதாவாக்கிப் போட்டார்."

பெனடிக்ற் கரைப்பக்கம் நழுவிவிட்டார். சிரித்து ஓய்ந்தபிறகு றஞ்சிதம் துசாந்தினியின் கையைப் பிடித்தாள்.

"வீட்டில கதைச்சதெல்லாத்தையும் போடு. ஆனா இப்ப அவர் சொன்னதை மட்டும் எழுதாத. அது எனக்கு."

துசாந்தினியும் எழுதவில்லை. ஆய்வுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று தெரிந்தும் எழுதவில்லை.

எந்தப் பாஷையில் என்றாலும் உங்கள் வீடுகளில் நல்ல சொல்லுக்குத் தட்டுப்பாடு வராமல் இருக்கட்டும், பிள்ளைகளே. சொன்னவரும் கேட்டவரும் ஒரே சட்டிச் சோறு உண்டு நெடுநாள் சுகமாய் இருக்கட்டும்.