பூவம்மாவின் இடது கை

காசிமேட்டில் மீன் விற்கும் பூவம்மாவின் நிழல் ஒரு டிசம்பர் மாதம் காணாமல் போனது. அந்த வாரம் வஞ்சிரம் விலை ஏறியிருந்ததால் நிழலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடுத்துப் பாதம் போனது, பிறகு இடுப்பு வரை போனது. பொங்கல் வருவதற்குள் ஆளே தெரியாமல், அருவாமனைக்குப் பின்னால் குரல் மட்டும் உட்கார்ந்து வியாபாரம் செய்தது. சங்கரா மீன் தானாகத் துண்டாகிப் பையில் விழுந்தது. ஆள் தெரியாவிட்டால் என்ன, செதிலைச் சுத்தமாக எடுத்துக் கொடுக்கிறாளே என்று சனம் வழக்கம்போல் பேரம் பேசியது.

காரணம் திருவொற்றியூரில் இருந்தது. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, கரையோரக் குடிசையையும் பிடுங்கிக்கொண்டு பூவம்மாவை எர்ணாவூர்க் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். விடியுமுன் ஏலத்துக்குப் போகிறவள் ஆறு வயதுக் கார்குழலியை யாரிடம் விடுவாள்? சோறும் படிப்பும் தருவதாகச் சொன்ன, திருவொற்றியூர்ப் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் சேர்த்தாள். ஞாயிறுதோறும் கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் குளித்துவிட்டுப் பார்க்கப் போவாள். கவுச்சியோடு வரக் கூடாது என்பது அங்கே நிர்வாகியாக இருந்த மனோகரனின் உத்தரவு. அப்புறம் இன்னொரு உத்தரவும் போட்டான்: வெளிநாட்டுப் பிள்ளைகள் தொண்டு செய்ய வரும் மாதங்களில் பெற்றவர்கள் வாசலை மிதிக்கக் கூடாது. பிள்ளை நன்றாயிருந்தால் போதும் என்று பூவம்மாவும் தலையாட்டினாள்.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை; அதுதான் கொடுமை. இரண்டு வாரம் தங்கி, போன கூட்டம் நீலம் அடித்த சுவருக்கு மஞ்சள் அடிப்பார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுப்பார்கள். கிளம்பும்போது நிஜமாகவே அழுவார்கள். அடுத்த கூட்டம் வந்து மஞ்சளுக்கு மேல் நீலம் அடிக்கும். ஒவ்வொரு கூட்டத்தின் முன்னும் பிள்ளைகள் நின்று ‘மை மதர் இஸ் டெட்’ என்று ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காத பிள்ளைக்கு ராத்திரிச் சோறு கிடையாது. அம்மா உள்ள பிள்ளைக்கு எவன் நன்கொடை தருவான் என்று மனோகரன் கேட்பான். கார்குழலி ஒருமுறை சொன்னால் பூவம்மாவில் ஒரு சாண் போகும்.

இதை அவளிடம் வந்து சொன்னவள் இல்லத்துச் சமையல்காரி சிலுவையம்மாள். மீன் வாங்க வந்த இடத்தில் ஆளைக் காணாமல், குரலைப் பார்த்துச் சொன்னாள்: “உன் பொண்ணு நீ செத்துட்டன்னு சொல்லிகினு கீதும்மா. சொல்ல வெக்கிறானுங்க.”

பூவம்மா கையைக்கூடக் கழுவவில்லை. செதிலும் ரத்தமுமாக எழுந்து பஸ் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. ஆள் தெரிந்த நாளில் அவளை விரட்டியடித்த வாட்ச்மேனின் மூக்குக்கு முன்னாலேயே கேட்டைத் தாண்டினாள். செத்தவளை எவன் தடுப்பான்?

உள்ளே வழியனுப்பு விழா. தொண்டு செய்ய வந்த லீசா என்ற பெண் கார்குழலியை மடியில் வைத்து, போனை எதிரே நிறுத்தியிருந்தாள். பிள்ளை ‘மை மதர்’ என்று ஆரம்பித்து நிறுத்திற்று. மூக்கை உறிஞ்சியது.

“எங்கம்மா சாவல. கவுச்சி அடிக்குது பாரு. இங்கதான் எங்கியோ நிக்குது.”

மனோகரன் அதட்டினான். அதற்குள் தரையில் நிழல் விழுந்துவிட்டது. அதன் மேல் பாதம், புடவை, முகம் என்று பூவம்மா முழுசாக வந்து நின்று, முதல் காரியமாக அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அங்கே ஒட்டிய செதில்கள் எந்தச் சோப்புக்கும் போகவில்லை. இப்போதும் வெயிலில் மின்னுகின்றன. மற்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாக “எங்கம்மாவும் கீது” என்று சொல்லச் சொல்ல, புளியந்தோப்பிலும் எம்.கே.பி. நகரிலும் காணாமல் போயிருந்த பெண்கள் வாசலில் தெரிய ஆரம்பித்தார்கள். லீசா விக்கி விக்கி அழுதாள்.

“நீ அழுவுறதுக்கு என் பொண்ணுதான் கெடைச்சுதா?” என்று கேட்டுவிட்டு, பூவம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

இல்லம் மூடிக் கிடக்கிறது. கார்குழலி எர்ணாவூரில் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவிடம் விடியும்வரை தூங்கி, அரசுப் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் அவள் ஒப்பிக்கும்போது முன்னே எடுத்த படங்கள் எந்தெந்த நாட்டிலோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. யாராவது பார்த்தால் பூவம்மாவின் இடது கை மணிக்கட்டு வரை மறைந்துவிடும்; வெட்டுகிற மீன் அப்படியே நிற்கும்.

“இன்னாக்கா, கை பூட்சா?” என்பார்கள் வாங்க வந்தவர்கள்.

“எவளோ பாத்துகினு கீறா. இரு.”

லீவு நாளென்றால் கூடைக்குப் பக்கத்தில் கார்குழலி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். தலையை நிமிர்த்தாமலே, “எங்கம்மா கீது” என்பாள். கை வந்துவிடும். பூவம்மா மீதி மீனை வெட்டிக் கொடுப்பாள்.