கூட வந்தவர்

"யூனிஸ்" என்று நர்ஸ் கூப்பிட்டாள். ஞானசேகரன் எழுந்து உள்ளே போய், டாக்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் மனைவி யூனிஸ் ஃபைலோடு பின்னால் நின்றாள். மார்ச்சில் அவருக்கு பைபாஸ் ஆனதிலிருந்து மாதம் ஒருமுறை இப்படித்தான். இது டிசம்பர்.

டாக்டர் ஃபைலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சார், இன்னிக்கு நீங்க பேஷன்ட் இல்ல."

"ஸ்டூலப் பாத்தா உக்காந்துடறேன் மேடம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

யூனிஸ் உட்கார்ந்தாள்.

"எஷ்டு தினா ஆயிது?" எத்தனை நாளாக என்று டாக்டர் அவளிடம் கன்னடத்தில் கேட்டாள்.

"ரெண்டு வாரம் மேடம்" என்றார் அவர், பின்னாலிருந்து. "வயித்து வலி. கேஸ்தான். நேரத்துக்குச் சாப்பிடறதில்ல. சொன்னா கேக்கறதுமில்ல."

டாக்டர் எழுதத் தொடங்கினாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. யூனிஸ் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கம், நீலசந்திராவில் பஸ் ஏறும்போதே சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். இப்போது வாய் வரவில்லை. முப்பது வருடத்தில் மாதவிலக்கு என்ற சொல்லை அவர் எதிரில் சொன்னதில்லை. அந்த நாட்களில் தலைவலி என்பாள். அவர் தனியாகப் பாய் விரித்துக்கொள்வார்.

டாக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

"ரெண்டு வாரம் இல்ல மேடம்." அவள் சீட்டை வாங்கவில்லை. "ஈஸ்டர்ல இருந்து. எனக்கு நின்னு ஆறு வருஷம் ஆச்சு. இப்ப ரத்தம் போகுது. தெனமும்."

"எட்டு மாசமா? மாசா மாசம் இங்கதான வந்தீங்க?"

"அவருக்காக வந்தேன்."

"எங்கிட்ட வயித்து வலின்னுதான சொன்ன" என்றார் ஞானசேகரன்.

"உங்களுக்குத் தையல் ஆறட்டும்னு இருந்தேங்க."

டாக்டர் சீட்டைக் கசக்கினாள். திரைக்குப் பின்னால் வெகுநேரம் பரிசோதித்தாள். வெளியே வந்து கை கழுவினாள். "மொதல்லயே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். இன்றே சேர்க்கச் சொன்னாள்.

யூனிஸை வீல்சேரில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கவுன்டரில் அவரிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் எழுதினார். வயது ஐம்பத்து நான்கு என்று எழுதி, அடித்து, ஐந்து என்று மாற்றினார். ரத்தப் பிரிவு. ஒத்துக்கொள்ளாத மருந்து. இப்போது சாப்பிடும் மாத்திரைகள். அவள் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா?

"சீக்கிரம் சார்" என்றாள் கவுன்டர் பெண். "எல்லாம் உங்க மிஸஸ் பத்தித்தான கேட்டிருக்கு."

"ஒரு நிமிஷம்மா."

படிவத்தோடு நடந்தார். மார்பைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். லிஃப்டுக்குள் வீல்சேர் போய்விட்டிருந்தது. அவள் முதுகு தெரிந்தது.

"யூனிஸ், உன் பிளட் குரூப் என்ன?"

அவள் திரும்ப முயன்றாள். கதவு மூடியது.

கவுன்டரில் கட்டியிருந்த பேனா அவர் கையோடு வந்திருந்தது. அறுந்த நூல் தரையில் கிடந்தது.