கண்ணாடிப் பெட்டியின் துணி

சலவைக்காரி அந்த வெள்ளைத் துணியை நாலாவது தடவையாக இஸ்திரி போட்டாள். ஒரு சுருக்கம் தெரியக் கூடாது என்று பெரிய சிஸ்டரின் உத்தரவு. சபை நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைக்கும் கண்ணாடிப் பெட்டி புதிதாக வந்திருந்தது. பழையது கெட்டு இரண்டு மாதம். வாங்கிக் கொடுத்தவர்கள் பத்து மணிக்கு வந்து, ஜெபம் செய்து, ரிப்பன் வெட்டுவார்கள்.

பெட்டியைத் துணியால் மூடி, ரிப்பனையும் அவளே கட்டினாள். முடிச்சு அழகாக விழுந்ததில் கொஞ்சம் பெருமைகூட.

ஒன்பதரைக்கு நர்ஸ் ஓடி வந்தாள். "அக்கா, உன் தங்கச்சிக்குப் பொண்ணு. ஒன்றரைக் கிலோகூட இல்ல. அவளுக்கு இன்னும் மயக்கம் தெளியல. நீதான் நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கணும்."

குழந்தை சில்லென்று இருந்தது. ரவிக்கையைத் தளர்த்தி உள்ளே வைத்து, மேலே சேலையைச் சுற்றினாள். "கையளவு இருந்துக்கிட்டு முறைக்கிறியா? நான் உன் பெரியம்மாடி."

"சிஸ்டர், பெட்டியில வெச்சிரலாமே?" என்றாள் நர்ஸ்.

பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரந்தானே? அவங்க கையால திறக்கறதுதான் மரியாதை. முதல் குழந்தையா இவளையே வெப்போம். என்னம்மா?"

சலவைக்காரி தலையாட்டினாள். பன்னிரண்டு வருஷமாகச் சோறு போடும் இடம். துணி கசங்கிவிடுமே என்றும் ஒரு நொடி நினைத்தாள்.

பத்து ஆயிற்று, பத்தரையும் ஆயிற்று. கார் வழியில் நின்றுவிட்டதாம். நர்ஸ் வெந்நீர்ப் பை கொண்டுவந்தாள், குழந்தையின் பாதத்தைச் சுண்டினாள். முதலில் சிணுங்கியது. பிறகு சிணுங்கவில்லை. பதினோரு மணிக்கு நர்ஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது மெதுவாக நடந்து வந்தாள்.

சலவைக்காரிக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

கார் வந்தது. ஜெபம் முடிந்தது, ரிப்பன் வெட்டினார்கள். படம் எடுக்க ஒரு குழந்தை வேண்டுமென்றார்கள். வார்டிலிருந்து மூன்றரைக் கிலோ ஆண் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்து பெட்டிக்குள் கிடத்தினார்கள். அது வேர்த்துக் கொட்டி வீறிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

தரையில் கிடந்த துணியை எடுத்து, பழக்கத்தில் மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள்.

"பாப்பாவச் சுத்த இத எடுத்துக்கட்டுமா?"

நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்க போகட்டும்க்கா. சிஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

சலவைக்காரி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே ஆபீஸ் அறையில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.