கழுதையின் இரண்டாம் குரல்

கழுதையோடு பாட என்னைக் கூப்பிட்டபோது நான் மறுப்பேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு காலத்தில் என் பாட்டுக்கு ஸ்டேடியத்தில் மயங்கி விழுந்தார்கள். இப்போது என் பாட்டு லிஃப்டுகளில் ஒலிக்கிறது. அங்கே விழ இடமில்லை. ஆகவே சரி என்றேன்.

குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஆறு பகுதி. கழுதை ஒரு கைப்பொம்மை. சாம்பல் நிறக் கம்பளித் துணி, ஒரு காது மட்டும் நிமிராது. முதல் நாளே டைரக்டர் அம்மா சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"கேமரா ஓடினாலும் ஓடாட்டியும் கழுதைகிட்டதான் பேசணும் சார். மேஜைக்குக் கீழே பார்க்கவே கூடாது. பார்த்துட்டா அப்புறம் உங்க கண்ணு கழுதையை நம்பாது. குழந்தைங்க கண்டுபிடிச்சிடும்."

தலையாட்டினேன். அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன். மேஜைக்கு அடியில் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, வலது கையைக் கழுதைக்குள் விட்டிருந்தவன் என் தம்பி.

ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. சேர்ந்துதான் பாட ஆரம்பித்தோம். நான் மேல் குரல், அவன் கீழ் குரல். முதல் இரண்டு ஆல்பமும் விற்கவில்லை. மூன்றாவதற்கு அட்டையில் ஒரே முகம் போதும் என்றார்கள். நான் பதிவிலிருந்து அவன் குரலை அழித்துவிட்டு இரண்டையும் நானே பாடினேன். அவனிடம் சொல்லவில்லை. கடையில் வாங்கிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். அதன்பின் அம்மா வீட்டுக்கு அவன் வரும் நாளில் நான் போவதில்லை. அம்மா எல்லாவற்றையும் இரண்டு முறை சமைக்கிறாள். இரண்டு முறையும் என்னைத்தான் திட்டுகிறாள்.

ஐந்து பகுதிக்குள் நானும் கழுதையும் நெருங்கிவிட்டோம். இடைவேளையில் அது என் முட்டிவலியை விசாரித்தது. "பாட்டுக்காரரே" என்று மரியாதையாகத்தான் கூப்பிடும். அந்த மரியாதை எனக்கு வலித்தது. அவன் என்னை எப்போதும் "டேய் அண்ணா" என்பான். மாலையில் கழுதையை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள், தம்பி பின்வாசல் வழியாகப் போய்விடுவான். பின்னால் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைசி நாள் வந்தது. இதை விட்டால் அவனோடு பேச எனக்கு ஒரு கழுதைகூடக் கிடைக்காது.

அன்றைய பாட்டில் நான் ஒழுங்காகப் பாட வேண்டும், கழுதை அபசுரமாகக் கத்த வேண்டும். சரணத்தில் கழுதை கத்தவில்லை. என் குரலுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பது வருடமாக நானே பாடி ஒப்பேற்றிய இடம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கட்! கழுதை சார், சுருதி சேர்ந்துடுச்சு. சேரக் கூடாது."

"மன்னிக்கணும் மேடம், பழக்கதோஷம்" என்றது கழுதை.

விளக்கைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் கேட்டார்கள். நான் கழுதையிடம் சொன்னேன்:

"உன் குரலை நான் அழிச்சிருக்கக் கூடாது. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு."

கழுதை யோசித்தது. "எங்கிட்ட ஏன் சொல்றீங்க, பாட்டுக்காரரே? நான் அந்த ஆல்பத்துலயே இல்லையே. கீழே ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட சொல்லுங்க."

முட்டியை மடக்கி மேஜைக்கு அடியில் நுழைந்தேன். தம்பிக்கு முன்மண்டையில் வழுக்கை விழுந்திருந்தது. மேலே சொன்னதையே கீழேயும் சொன்னேன். கீழே சொல்ல அதிக நேரம் பிடித்தது. அவன் மேஜைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை மரத்துப்போச்சுடா அண்ணா" என்றான். "கொஞ்சம் பிடி."

முழங்கையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன்.

"அட, கழுதை இப்பதான் நேரா நிக்குது" என்று மேலே டைரக்டர் அம்மாவின் குரல் கேட்டது. "பாட்டுக்காரர் எங்கப்பா போனாரு?"

கழுதைதான் பதில் சொன்னது.

"எங்க அண்ணன் வேலையா இருக்கான், மேடம்."