முந்நூற்று அறுபத்தைந்தாவது படி

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள் இருந்தன. 1998ஆம் வருடம் ஐப்பசி ஐந்தாம் தேதி வியாழக்கிழமை காலை முதல் முந்நூற்று அறுபத்து நான்கு. போனது உச்சிப் படி. அது இடிந்து விழவில்லை, யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை, மலையும் அரையடி தாழவில்லை. முதல் நாள் சாயங்காலம் வரை இருந்தது, விடிந்து பார்த்தால் இல்லை, அவ்வளவுதான். அதில் கூடையை வைத்துப் பூ விற்ற பெண்கள் ஒரு படி கீழே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று பேர் மூன்று முறை எண்ணினார்கள், மூன்று முறையும் ஒன்று குறைந்தது. வருடத்தில் ஒரு நாள் காணாமல் போயிருக்குமோ என்று சிலர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். அதில் எல்லா நாளும் இருந்தன. அந்த டிசம்பர் கடைசி நாளில் படித் திருவிழா வந்தபோது, படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறிய பஜனைக் கோஷ்டிகளுக்கு ஒரு பாட்டு மிஞ்சியது. அதைச் சமதரையில் நின்று பாடினார்கள். அடுத்த வருடமும் அப்படியே பாட, அது வழக்கமாகிவிட்டது.

படி எங்கே போனது என்பது யாருக்கும் தெரியாது. ஏன் போனது என்பது ஒருவனுக்குத் தெரியும். அவன் பெயர் நாகேஷ். மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற வீட்டுப் பிள்ளை. அப்பா சுப்பு கிளறும் புளியோதரைக்காகவே மலையேறியவர்கள் உண்டு. நாகேஷுக்குக் கரண்டி பிடிபடவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு தினமும் ரயிலில் போய் வந்தான். அதுபோக, சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவனுக்கு இருந்தது. ட்ரெயில் என்று ஒரு மென்பொருள். எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறை எதையாவது மாற்றும்போதும், யார் மாற்றினார், எப்போது, எதற்காக என்று குறித்துக்கொண்டு பழையதையும் பத்திரமாக வைத்திருக்கும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். முதலில் எழுதியவர் நார்வே தேசத்து வாத்தியார் ஒருவர். அலுத்துப்போய் ஒரு நாள், இனி நீ பார்த்துக்கொள் என்று நாகேஷுக்கு எழுதிவிட்டார். அதிலிருந்து நாற்பது தேசங்களில் இருந்த தொள்ளாயிரம் பேருக்கு அவன்தான் பொறுப்பு. ஒரு ஊரில் தேதி தப்பாகக் காட்டும், ஒரு ஊரில் பெயரில் புள்ளி இருந்தால் முரண்டு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வான். மடப்பள்ளியில் அண்டா தேய்க்கிற மாதிரியான வேலை. தேய்த்தால் யாரும் கேட்கமாட்டார்கள், தேய்க்காவிட்டால் ஊரே கேட்கும்.

அந்தப் புரட்டாசியில் பிரேசில்காரர் ஒருவர், கோப்புகளின் அடியில் வீணாக ஒரு வெற்று வரி சேர்கிறது என்று புகார் எழுதியிருந்தார். சுப்புவின் வீட்டில் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதை யாருக்கும் பரிமாறமாட்டார்கள். சுரண்டி எறிவதுதான் பழக்கம். நாகேஷும் கடைசி வரியைச் சுரண்டி எறியும்படி இரண்டு நிமிடத்தில் ஒரு திருத்தம் போட்டான். சோதித்துப் பார்க்கவில்லை. அடியில் கிடப்பது வெற்று வரிதானே என்று நினைத்துவிட்டான். ஆனால் சிலர் கடைசி வரியை எழுதி முடித்ததும் அடுத்த வரிக்குப் போகாமல் அப்படியே நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு வெற்று வரி போகவில்லை, எழுதின வரியே போனது. எதையும் தொலைக்காமல் காப்பதற்கென்றே இருந்த கருவி, சத்தமில்லாமல் தின்ன ஆரம்பித்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அவனாகவே அதைக் கண்டுபிடித்தான். ஒரு மணி நேரத்தில் சரிசெய்தான். அதோடு நிற்காமல் எல்லோருக்கும் ஒரு கடிதம் போட்டிருக்க வேண்டும்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை என் தப்பால் உங்கள் கடைசி வரிகள் போயிருக்கலாம், எடுத்துப் பாருங்கள் என்று. போடவில்லை. நார்வே வாத்தியார் என்ன நினைப்பார், தொள்ளாயிரம் பேர் என்ன நினைப்பார்கள் என்று மானம் தடுத்தது. என்ன திருத்தினோம் என்று குறிக்க வேண்டிய இடத்தில் 'சில சிறு திருத்தங்கள்' என்று எழுதி மூடினான். மறுநாள் காலை ரயிலுக்கு முன்னால் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி கொடுக்க மலையேறியவன், உச்சியில் பழக்கத்தில் காலைத் தூக்கி வைத்தான். கால் காற்றில் இறங்கியது. முழங்கால் பெயர விழுந்து, தரையை ஒரு முறை பார்த்தான். யாரும் சொல்லாமலேயே புரிந்துவிட்டது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. படி போன பிறகு ஆயிரக்கணக்கான பேர் ஏறினார்கள், காவடியோடு ஏறினார்கள், கண்ணை மூடிக்கொண்டும் ஏறினார்கள். ஒருவருக்கும் கால் தடுக்கவில்லை. நாகேஷ் மட்டும் ஒவ்வொரு முறையும் விழுந்தான். எண்ணிக்கொண்டு ஏறினாலும் விழுந்தான், தெரிந்தே ஜாக்கிரதையாக வைத்தாலும் விழுந்தான். அவன் மனைவி காமேஸ்வரி மாதா மாதம் கிருத்திகைக்கு மஞ்சள் பத்து அரைத்து வைத்துக்கொண்டுதான் அவனை மலைக்கு அனுப்பினாள்.

மாசி மாதம் ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது. எழுதியவள் அம்மையார்குப்பத்து நெசவு வீட்டு மருமகள் புவனா. அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் படித்தபோது புரட்டாசியில் ஒரு பிளாப்பியில் ட்ரெயில் கிடைத்ததாம். அதில் இருந்த விலாசம் பக்கத்து ஊராக இருந்ததில் சந்தோஷமாம். சேலைக் கரையின் கோபுர டிசைன்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் அடியிலிருந்து உச்சிவரை வரிவரியாக அடித்து ட்ரெயிலில்தான் சேர்த்து வந்தாள். நாற்பத்தொரு டிசைன். எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கிறதே என்று வரைபடத் தாள்களைப் போகியன்று கொளுத்திவிட்டாள். அச்செடுத்து, அதன்படி அட்டையில் துளை குத்தி, தறியில் ஏற்றி, அறுபது சேலை நெய்து இறக்கிய பிறகு பார்த்தால் ஒரு கோபுரத்துக்கும் உச்சிக் கலசம் இல்லை. கல்யாணத்துக்குக் கேட்டிருந்த கடைக்காரர் அத்தனையையும் திருப்பிவிட்டார். எந்தக் கோபுரத்துக்கு மூன்று கலசம், எதற்கு ஐந்து என்பது சாம்பலுக்குத்தான் தெரியும். 'வீட்டில் என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள். தவறு என்னுடையதா உங்களுடையதா என்று ஒரு வரி எழுதவும்' என்று கடிதம் முடிந்திருந்தது.

நாகேஷ் அதை நான்கு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போய் வந்தான். அவளுக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் அரக்கோணம் பிளாட்பாரத்தில் நின்றபடி ஒரு போஸ்ட் கார்டு எழுதினான். 'இப்போதுள்ள பதிப்பில் கோளாறு ஏதும் இல்லை. நீங்கள் பதிவு செய்யும் முறையைச் சரிபார்க்கவும்.' ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அவனை அதிகமாக அறுத்தது. கார்டு என்பதால் போஸ்ட்மேன் சிங்காரம் அதைத் தெருமுனையிலிருந்தே சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். புவனாவின் மாமனார் பரந்தாமன் ஒன்றும் திட்டவில்லை. திரும்பி வந்த சேலைகளில் ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரை மூடிக் கட்டினார். புவனா தறி நாடாவுக்குள் வைக்கிற நூல் தாரைச் சுற்றப் போய் உட்கார்ந்தாள்.

வருடங்கள் ஓடின. இரண்டாயிரம் பிறந்தபோது ட்ரெயில் ஒரு நொடிகூடத் தேதி தப்பாமல் நின்றது. அதற்குப் பிறகு நாகேஷ் போட்ட ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினான், ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் காரணம் சொன்னான். இப்படியொரு நேர்மையான மனிதரா என்று கனடாவிலிருந்து பாராட்டு வந்தது. 2002இல் யாருக்கும் தெரியாமல் ஒரு கல் தச்சரைப் பிடித்துப் புதுப் படி செதுக்கி உச்சியில் பதித்தான். விடிந்ததும் அந்தக் கல் அவன் வீட்டு வாசலில் சாய்ந்திருந்தது. மறுபடி தூக்கிக்கொண்டு போனான், மறுபடி வந்தது. மூன்றாம் முறை வந்ததும் காமேஸ்வரி அதைக் கிணற்றடிக்குத் தள்ளித் துணி துவைக்க வைத்துக்கொண்டாள். இதற்கிடையில் உலகத்தில் புதுப் புதுக் கருவிகள் வந்து, தொள்ளாயிரம் பேர் நூறாகி, நூறு பதினொன்றாகக் குறைந்தது. நாகேஷ் விடவில்லை. விட்டால் குற்றம் செய்த இடமே இல்லாமல் போய்விடும் என்று பயந்தான்.

2006 ஆடிக் கிருத்திகைக்குக் காமேஸ்வரி புதுச் சேலை கட்டிக்கொண்டு கூட வந்தாள். பாதி மலையில்தான் அவன் கரையைப் பார்த்தான். வரிசையாகக் கோபுரம், ஒன்றுக்கும் கலசமில்லை.

"இது எங்கே வாங்கினே?"

"பஜார்லதான். மொட்டைக் கோபுரம்னு இதுக்குப் பேராம். முடி இறக்க வர்றவா இதைத்தான் தேடி வாங்கறாளாம். யாரோ ஒரு மாட்டுப்பொண் கம்ப்யூட்டர்ல போட்டுக் கெடுத்துட்டாளாம். அதுலேர்ந்து வந்த டிசைன்னு கடைக்காரன் சிரிக்கறான்."

நாகேஷ் நூற்றெண்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டான். எட்டு வருடத்தையும் அங்கேயே அவளிடம் சொன்னான். காவடிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின. காமேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முந்தானையை ஒரு தரம் பார்த்தாள். "முழங்காலுக்கு நான் பத்து போட்டுண்டே இருக்கேன், நீங்க வாயைத் திறக்கலையே" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அம்மையார்குப்பம் போனான். புவனா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பரந்தாமன் யாரென்று விசாரித்து நாற்காலி எடுத்துப் போட்டார். நாகேஷ் உட்காரவில்லை.

"தப்பு உங்க பேர்ல இல்லம்மா. என்னுது. கார்டு எழுதறச்சே எனக்குத் தெரியும்."

புவனா ஏதாவது கத்துவாள் என்று நாகேஷ் எதிர்பார்த்தான். அவள் கையிலிருந்த தாரை முழுதாகச் சுற்றி முடித்து, கூடையில் போட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எட்டு வருசமா இத்த சுத்திகினு கீறேன் சார். அத்தினி டிசைனையும் நான்தான் கெடுத்தேன்னு நானே நம்பிட்டேன். ஒரு வரிதான கேட்டேன்?"

"மன்னிச்சுடுன்னு கேக்க வாய் வரலைம்மா."

"கேக்காத. என்னாண்ட வந்து குசுகுசுன்னு சொன்னா ஆச்சா? அன்னிக்கு கார்டுல போட்ட இல்ல, இதையும் கார்டுல போடு. அதே சிங்காரம்தான் இன்னும் தபால் குடுத்துகினு கீறாரு. தெருவுல எல்லாருக்கும் காது கேக்கட்டும்."

பரந்தாமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆங், கார்டுல போடுங்க சாமி" என்றார். பிறகு உள்ளே போய், கம்ப்யூட்டரைக் கட்டியிருந்த சேலையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். எட்டு வருட முடிச்சு, சீக்கிரம் வரவில்லை.

நாகேஷ் திரும்பும் வழியில் ஆர்.கே.பேட்டைக் கடை ஒன்றிலேயே கார்டு வாங்கி எழுதிப் போட்டான். ட்ரெயிலிலும் எழுதினான். எழுதின குறிப்பை யாராலும் அழிக்க முடியாது என்பது அந்தக் கருவியின் விதி. அந்த விதியில் பிடிவாதமாக இருந்தவனே அவன்தான். எனவே பழையது அப்படியே நிற்க, கீழே புதிதாகச் சேர்த்தான்: '1998 ஐப்பசியில் சில சிறு திருத்தங்கள் என்று நான் எழுதியது பொய். நடந்தது இது.' நடந்தது முழுவதும் வரிசையாக வந்தது, புவனாவின் நாற்பத்தொரு டிசைன் உட்பட. மிச்சமிருந்த பதினொரு பேரில் பத்துப் பேர் பதில் எழுதவில்லை. நார்வே வாத்தியார் மட்டும் எழுதினார். 'எங்கள் ஊர் மாதாகோயில் மணி 1993லிருந்து பன்னிரண்டு மணிக்குப் பதினொன்றுதான் அடிக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். நானும் எழுதுகிறேன்.'

படி திரும்பவில்லை. அவன் தினமும் போய்ப் பார்த்தான். தினமும் விழுந்தான்.

அந்த டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி படித் திருவிழாவுக்குப் புவனா மாமனாரோடு வந்தாள். கட்டியிருந்த சேலையில் அவளே புதிதாக வரைந்த கரை, கோபுரத்துக்குக் கோபுரம் கலசத்தோடு. முந்நூற்று அறுபத்து நான்கு பாட்டும் முடிந்து, மிச்சப் பாட்டுக்காகக் கோஷ்டி சமதரையில் ஒதுங்கி நின்றது. புவனா எல்லோரையும் போல ஏறி வந்து, உச்சியில் மட்டும் எல்லோரையும் போலத் தரையில் கால் வைக்காமல், இன்னும் ஒன்று ஏறினாள். ஏறி நின்றாள். அவள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் அரையடி இருந்தது, அந்த அரையடியில் பின்னால் இருந்த பூக்கூடை தெரிந்தது. பரந்தாமன் குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, கொஞ்சம் நவுந்து நில்லும்மா, மறைக்குது" என்றார். அவள் நகர்ந்துகொண்டாள், அந்த உயரத்திலேயே.

கீழிருந்து நாகேஷ் வருவதை அவள் பார்த்தாள். காமேஸ்வரி மஞ்சள் பத்து அரைத்த கிண்ணத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"பாத்து வா சார்" என்றாள் புவனா. "இங்க ஒரு படி கீது."

"ஆங், இருக்கும்மா" என்றான் நாகேஷ். காலைத் தூக்கி அந்தப் படியில் வைத்து, வழக்கம்போல் விழுந்தான்.