கடை மாவு

நாத்தனார் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மில்லின் பின்வாசலில் வந்து நின்றாள். அண்ணி சல்லடையைக் கீழே வைத்தாள்.

"நேத்துலேந்து வாந்தி அண்ணி. என்ன குடுக்குறேன்னு டாக்டர் கேட்டாரு. எங்க அண்ணி அரைச்ச மக்காச்சோள மாவுக் கஞ்சின்னேன். அந்த மாவைக் கொண்டு வாங்கன்னாரு. பூஞ்சை பிடிச்ச தானியம்னா அந்த நஞ்சு வறுத்தாலும் கொதிக்க வச்சாலும் போகாதாம். எங்க மில்லுல அப்படியெல்லாம் நடக்காதுன்னு அடிச்சுச் சொல்லிட்டு வந்தேன்."

அண்ணி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். மழையில் கிடங்குச் சுவர் ஒழுகி அடிமூட்டைகள் நனைந்திருந்தன. பிரித்தபோது சோளத்தின் மேல் பச்சைப் பொடி. கணவரிடம் சொன்னால் மறுபேச்சில்லாமல் குப்பையில் கொட்டச் சொல்வார். அதனால்தான் சொல்லவில்லை. அலசி, வெயிலில் காயவைத்து, வாசம் போக வறுத்து, நல்ல சோளத்தோடு கலந்து அரைத்தாள். வறுத்தால் எல்லாம் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"குழந்தைக்குக் கொஞ்சம் வெந்நீர் வேணும்" என்று நாத்தனார் உரிமையோடு வீட்டுக்குள் நுழைந்தாள். அண்ணிக்கு அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. பின்னாலேயே ஓடினாள். அதற்குள் நாத்தனார் அடுப்படி மேடை முன் நின்றுவிட்டாள். மேடைமேல், வாய் கத்தரித்துக் கிளிப் போட்ட கடை மாவுப் பாக்கெட்.

மாவு மில் வீட்டில் கடை மாவு.

நாத்தனார் பாக்கெட்டையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது எப்பலேந்து?"

மெஷின் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். விருந்தாளி கொண்டுவந்தது என்றும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை தோளில் தலை நிற்காமல் துவண்டு கிடந்தது.

"மழைக்கு அப்புறம்" என்றாள் அண்ணி. "நனைஞ்ச சோளத்தை அரைச்சேன். டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு. நானும் வரேன்."

"வேணாம். நீங்க வராதீங்க" என்றாள் நாத்தனார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அவள் போனதும் அண்ணி மெஷினை நிறுத்தினாள். சுவரில் சாய்ந்தபடி கணவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "யார் யாருக்குக் குடுத்த?" என்றார் அவர்.

அண்ணி தெருவில் இறங்கி ஓடினாள். மாவு வாங்கிப் போனவர்களில் முதல் வீடு தையல்காரம்மாவுடையது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவள் கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள். எதிரே அவள் மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள்.